அபயம் மறுக்கப்பட்டால் கோர்ட்டில் வழி உண்டா?

(காரைக்காலில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் முழுநேர ஊழியர் தோழர் ஒருவர் ஆற்றிய உரை.)



இன்று கூலியைப் பற்றியோ போனஸைப் பற்றியோ பேச நான் வரவில்லை. ஒரு காகிதத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "உன் மனு நிராகரிக்கப்பட்டது, நீ இந்த நாட்டில் இருக்க முடியாது" என்று சொல்லும் காகிதம் அது.

இந்தக் காகிதம் நம் சங்க ஆபீசுகளுக்கு இரண்டு வழியாக வந்து சேருகிறது. இலங்கையிலிருந்து உயிர் பிழைக்க ஓடி வந்து, முகாமில் முப்பது வருஷம், நாற்பது வருஷம் காலம் தள்ளிய குடும்பம் பிரஜாவுரிமை கேட்கிறது. "இல்லை" என்ற பதிலோடு நம்மிடம் வருகிறது. இன்னொரு பக்கம், பாரிஸிலோ லண்டனிலோ அபயம் கேட்டு மறுக்கப்பட்டவரின் உறவினர் இங்கே வருகிறார். "தோழரே, இதற்கு மேல் அப்பீல் உண்டா? இல்லை, பெட்டியைக் கட்டச் சொல்லட்டுமா?" என்று கேட்கிறார்.

இருவருக்கும் பதில் ஒன்றுதான். மறுப்பு என்பது முடிவல்ல. அதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போகலாம். ஆனால் அந்த வழி குறுகலானது, கெடு மிகக் குறைவு. கோர்ட்டை மட்டும் நம்பியவர்கள் கரை சேரவில்லை. கோர்ட்டை விட்டுவிட்டவர்களும் கரை சேரவில்லை. வழக்கும் ஜனங்களும் சேர்ந்து நின்ற இடத்தில்தான் வழி திறந்திருக்கிறது. அதை ஆதாரத்தோடு சொல்கிறேன், கேளுங்கள்.

நம் மண் அறிந்த விஷயம்

அகதி என்றால் யாரோ தூரத்து மனிதர் என்று நினைக்காதீர்கள். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நம் பிரதேசமே ஒரு காலத்தில் அபய பூமி. 1908-இல் பாரதியார் பிரிட்டிஷ் போலீஸின் கையில் சிக்காமல் புதுச்சேரிக்கு வந்தார். 1910-இல் அரவிந்தர் வந்தார், வ.வே.சு. ஐயர் வந்தார். இவர்களைத் துரத்த பிரிட்டிஷ் சர்க்கார் செய்யாத சூழ்ச்சி இல்லை. 1911-இல் பிரெஞ்சு நிர்வாகம் ஒரு உத்தரவு போட்டது. வெளியாட்கள் எல்லோரும் பதிவு செய்ய வேண்டும். ஊரில் மதிப்புள்ள ஐந்து பேர் அவர்களுக்காக நற்சான்று தரவேண்டும். இல்லாவிட்டால் வெளியேற வேண்டும். சங்கர செட்டியார் என்ற புதுச்சேரிப் பெரியவர் ஓடியாடி அந்த ஐந்து கையெழுத்துகளை வாங்கிக் கொடுத்தார். வந்தவர்கள் தங்கினார்கள். ஐந்து கையெழுத்துக்கு அத்தனை பலம் இருந்தது!

இதே காரைக்கால் துறைமுகத்திலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் ரியூனியன், குவாதலூப், மர்த்தினிக் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளைக் கப்பல் கப்பலாக ஏற்றினார்கள். குவாதலூப்பில் அந்த இந்தியக் கூலிகளின் பிள்ளைகளுக்கு, அந்த மண்ணிலேயே பிறந்திருந்தும், ஓட்டு இல்லை, பிரஜாவுரிமை இல்லை. ஹென்றி சிதம்பரம் என்பவர் 1904-இல் வாக்காளர் பட்டியலில் அவர்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லி வழக்குத் தொடுத்தார். உரிமை கிடைத்தது 1923-இல். பத்தொன்பது வருஷம் விடாமல் போராடியிருக்கிறார்.

காகிதத்தின் அருமையும் நமக்குத் தெரியும். 1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படி இணைப்பு அமலுக்கு வந்தது. இங்கே பிறந்து இங்கேயே வாழ்ந்தவர்கள் பிரெஞ்சுப் பிரஜையாகவே இருக்க விரும்பினால், ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தம் சொன்னது. எழுதிக் கொடுத்தவர் பிரெஞ்சுக்காரர்; கொடுக்காதவர் இந்தியர். ஒரே தெரு, ஒரே குடும்பம். ஆனால் ஒரு காகிதமும் ஒரு கெடுவும் பரம்பரையையே இரண்டாகப் பிரித்தன. ஆகவே, கெடு என்று நான் சொல்லும்போது அதன் பொருள் உங்களுக்கு விளங்கும்.

இந்தியாவில் நிலைமை என்ன?

உலக யுத்தத்துக்குப் பிறகு 1951 ஜூலையில் ஜெனீவாவில் அகதிகள் பற்றிய சர்வதேச ஒப்பந்தம் செய்யப்பட்டது. இனம், மதம், தேசம், அரசியல் கருத்து, சமூகப் பிரிவு ஆகியவற்றின் காரணமாகத் தன் நாட்டில் கொடுமைக்கு ஆளாவோம் என்ற நியாயமான அச்சம் உடையவர் அகதி. அவரை அந்தக் கொடுமையின் வாய்க்கே திருப்பி அனுப்பக் கூடாது. ஒப்பந்தத்தின் சாரம் இது. பல தேசங்கள் அதில் கையெழுத்திட்டன. இந்தியா கையெழுத்திடவில்லை. 1967-இல் வந்த துணை ஒப்பந்தத்திலும் கையெழுத்திடவில்லை.

இதன் விளைவு என்ன? இந்தியாவில் அகதிகளுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. சட்டத்தின் கண்ணில் அகதியும் அந்நியர், உல்லாசப் பயணியும் அந்நியர். வெள்ளைக்காரன் போட்ட 1946-ஆம் வருஷத்து அந்நியர் சட்டம்தான் நெடுங்காலம் ஆண்டது. 2025-இல் அதை ரத்து செய்து புதிய குடியேற்றம் மற்றும் அந்நியர் சட்டம் கொண்டு வந்தார்கள். செப்டம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது. அதோடு ஒரு விலக்கு உத்தரவும் வந்தது. 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களிடம் பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காகத் தண்டிக்க வேண்டாம் என்பது அதன் சாரம். இது ஓரளவு நிம்மதி. ஆனால் ஜெயிலுக்கு அனுப்பமாட்டேன் என்பது வேறு, நீ இந்நாட்டுப் பிரஜை என்பது வேறு.

2019-இல் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்ததே, அதில் யாருக்கு இடம்? பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்த ஆறு மதத்தாருக்கு. முஸ்லிம்களுக்கு இடமில்லை. இலங்கை என்ற பெயரே அதில் இல்லை. 1983-இல் கொழும்பு பற்றி எரிந்தபோது உடுத்திய துணியோடு வந்தவருக்கு அந்தச் சட்டத்தில் ஒரு வரி கூட இல்லை!

சட்டமே இல்லையென்றால் அப்பீல் எதன் பேரில்? இங்கேதான் அரசியல் சட்டத்தைத் திறந்து பார்க்க வேண்டும். நாடு முழுதும் நடமாட, எங்கும் குடியிருக்க உரிமை தருகிற 19-வது ஷரத்து "பிரஜைகளுக்கு" என்று சொல்கிறது. ஆனால் சட்டத்தின் முன் சமத்துவம் பேசுகிற 14-வது ஷரத்தும், உயிரையும் சுதந்திரத்தையும் காக்கிற 21-வது ஷரத்தும் "பிரஜை" என்று சொல்லவில்லை. "எந்த நபரும்" என்று சொல்கின்றன. காகிதம் இல்லாதவரும் நபர்தானே? அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் 226-வது ஷரத்தின் கீழ் ஹைகோர்ட்டில் ரிட் மனு போடுகிறார்கள். காரைக்காலில் இருப்பவர்களுக்குச் சென்னை ஹைகோர்ட். திருச்சி, மண்டபம் முகாம்களில் இருப்பவர்களுக்கு அதன் மதுரைக் கிளை.

கோர்ட் எதைப் பார்க்கும்?

ஆலைத் தோழர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஒரு தொழிலாளியை மானேஜர் டிஸ்மிஸ் செய்கிறார். லேபர் கோர்ட் முதலில் என்ன கேட்கும்? சார்ஜ் ஷீட் கொடுத்தாயா? விசாரணை வைத்தாயா? அவன் பேச்சைக் கேட்டாயா? காரணம் எழுதினாயா? இவை இல்லையென்றால் அந்த உத்தரவு நிற்காது.

அகதி வழக்கும் பெரும்பாலும் அப்படியே. ரிட் விசாரணையில் கோர்ட், "இவர் அகதியா?" என்று தானே தீர்மானிப்பதில்லை. "தீர்மானித்த அதிகாரி முறைப்படி தீர்மானித்தாரா?" என்றுதான் பார்க்கிறது. ஆகவே, "நான் மிகவும் கஷ்டப்பட்டேன்" என்று மட்டும் எழுதிய மனு தோற்றுவிடும். "நான் கொடுத்த இந்த ஆதாரத்தை அதிகாரி பார்க்கவில்லை, என்னை நேரில் கேட்கவில்லை, இன்ன காரணத்தைச் சொல்லவில்லை" என்று எழுதிய மனுவுக்குத்தான் வலு உண்டு. ஜெயித்தாலும், பல வழக்குகளில் கோர்ட் உரிமையை நேரே கையில் கொடுக்காது. "மறுபடி முறையாகப் பரிசீலனை செய்" என்று திருப்பி அனுப்பும்.

கனடாவில் 1985 ஏப்ரல் 4-இல் வந்த தீர்ப்பு இதற்கு நல்ல உதாரணம். அதுவரை அங்கே அகதி என்று மனு செய்தவரின் வாக்குமூலத்தை எழுதி மேலே அனுப்புவார்கள். முடிவு செய்கிறவர் அவர் முகத்தைப் பார்க்காமலே காகிதத்தைப் பார்த்து "இல்லை" என்பார். இந்தியாவிலிருந்து போன சீக்கியர்கள் உள்ளிட்ட சிலர் வழக்குப் போட்டார்கள். நேரில் விசாரிக்காமல் ஒருவரை விரட்டக் கூடாது என்று அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. "எல்லோருக்கும்" என்று சாசனத்தில் எழுதியிருப்பது அந்த மண்ணில் கால் வைத்த எவருக்கும் பொருந்தும் என்று அந்தத் தீர்ப்பில் மூன்று நீதிபதிகள் சொன்னார்கள். அதற்குப் பிறகு போன ஆயிரக்கணக்கான ஈழத் தமிழர்களுக்கும் அந்தத் தீர்ப்பு நிழல் கொடுத்தது. நம் 21-வது ஷரத்தின் "எந்த நபரும்" என்ற சொல்லுக்கு அது தம்பி முறை.

திறந்த கதவும் மூடிய கதவும்

நம் நாட்டுக் கோர்ட்டுகள் திறந்தும் இருக்கின்றன, மூடியும் இருக்கின்றன. இரண்டையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

1991-இல் ராஜீவ் காந்தி கொலையான பிறகு, முகாம் மக்கள் மீது சந்தேகக் கண் விழுந்தது. 1992-இல் அவர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். விருப்பத்தோடு போகிறார்கள் என்று சர்க்கார் சொன்னது. பழ. நெடுமாறனும் டாக்டர் ராமதாஸும் சென்னை ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டார்கள். போகிறவர் மனமொப்பிப் போகிறாரா என்பதை ஐ.நா. அகதிகள் கமிஷனின் பிரதிநிதிகள் விசாரித்துச் சொல்லலாம் என்ற ஏற்பாட்டைக் கோர்ட் ஏற்றது. பலவந்தமாக அனுப்புவதற்கு ஒரு தடை விழுந்தது.

1996 ஜனவரியில் அருணாசலப் பிரதேசத்துச் சக்மா மக்களின் வழக்கு. அவர்களை அடித்து விரட்டுவோம் என்று சிலர் கெடு வைத்து மிரட்டினார்கள். பிரஜையானாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு மனிதரின் உயிரையும் காப்பது ராஜ்ய சர்க்காரின் கடமை என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. அவர்களின் பிரஜாவுரிமை மனுக்களைக் கீழேயே அமுக்காமல் மேலே அனுப்பவும் உத்தரவிட்டது.

2019 ஜூனில் மதுரைக் கிளைக்குத் திருச்சி கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சேர்ந்த 65 பேர் போனார்கள். இவர்கள் யார்? தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்தெல்லாம் தேயிலை பறிக்கப் போன மலையகக் கூலிகளின் சந்ததி. 1948-இல் இலங்கை சர்க்கார் சட்டம் போட்டு மலையகத் தொழிலாளிகளை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மூட்டை பிரிப்பது போல மனிதர்களைப் பிரித்தார்கள். 1983 கலவரத்தில் தப்பி ஓடி வந்த இந்த வம்சாவளியினரைப் பிறகு "சட்டவிரோதக் குடியேறிகள்" என்றார்கள்! நீதிபதி சுவாமிநாதன் மனுதாரர்களின் பக்கம் இருந்த நியாயத்தை ஏற்று, பிரஜாவுரிமைக்கு விண்ணப்பம் கொடுக்கவும், அதன் மீது சர்க்கார் முடிவெடுக்கவும் உத்தரவிட்டார். பாருங்கள், அப்போதும் "பரிசீலி" என்ற உத்தரவுதான்.

2022-இல் அதே நீதிபதியின் முன் ஒரு பெண் வந்தார். மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்தவர். பாஸ்போர்ட் கேட்டார், மறுத்தார்கள். 1955-ஆம் வருஷத்துப் பிரஜாவுரிமைச் சட்டம் என்ன சொல்கிறது? 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்பு வரை இந்த மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியப் பிரஜை. அவர் அகதி முகாமில் வளர்ந்தார் என்பதற்காகச் சட்டம் மாறுமா? பாஸ்போர்ட் கொடு என்று கோர்ட் உத்தரவிட்டது. 2024 தேர்தலில் அவர் ஓட்டும் போட்டார். பிறந்த தேதி எழுதிய ஒரு காகிதம் அவரிடம் இருந்தது. அந்தக் காகிதமும் விடாப்பிடியும்தான் ஜெயித்தன.

இனி, மூடிய கதவு. 2021 ஏப்ரலில் ரோஹிங்கியா அகதிகளைத் திருப்பி அனுப்பக் கூடாது என்ற மனுவைச் சுப்ரீம் கோர்ட் ஏற்கவில்லை. நாட்டைவிட்டு அனுப்பப்படாமல் இருக்கும் உரிமை 19-வது ஷரத்தோடு சேர்ந்தது, அது பிரஜைகளுக்கே உரியது என்றது. ஆனாலும், உரிய நடைமுறையைப் பின்பற்றாமல் அனுப்பக் கூடாது என்று ஒரு வரி எழுதியது. 2025 மே 19-இல், தண்டனை அனுபவித்த ஒரு இலங்கைத் தமிழர் தன்னைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று கேட்ட மனு தள்ளுபடியானது. உலகமெங்கும் இருந்து வருகிறவர்களை ஏற்க இந்தியா தர்மசத்திரம் அல்ல என்ற கருத்து அன்று பெஞ்சிலிருந்து வந்தது.

தோழர்களே! நாம் டெல்டாக்காரர்கள். வழிப்போக்கருக்குச் சோறு போட ராஜாக்களும் ராணிகளும் ஊர் ஊராகச் சத்திரம் கட்டிய சீமை இது. சத்திரம் என்ற சொல் இங்கே வசைச்சொல் அல்ல. ஆனால் அகதி கேட்பது சத்திரத்துச் சோற்றை அல்ல. உழைத்து உண்ணவும், உயிரோடு இருக்கவும், தன் பேச்சை ஒருவர் கேட்டு முடிவு சொல்லவும்தான் கேட்கிறார். இது தர்மம் அல்ல, நியாயம்.

தோற்றுத் திருப்பி அனுப்பப்பட்டும் வென்றவர்கள்

கடல் கடந்த நாடுகளுக்குப் போவோம். 1987-இல் பிரிட்டனில் அபயம் கேட்ட ஆறு தமிழர்களுக்கு உள்துறை மந்திரி மறுத்துவிட்டார். வழக்கு மேல் கோர்ட்டுக்குப் போயிற்று, அங்கே ஜெயித்தார்கள். மந்திரி விடவில்லை, பிரபுக்கள் சபைக்கு அப்பீல் போனார். அந்தக் காலத்தில் அதுவே அந்நாட்டின் கடைசி கோர்ட். 1987 டிசம்பர் 16-இல் தீர்ப்பு மந்திரியின் பக்கம் திரும்பியது. "நீ பயப்படுகிறாய் என்பது போதாது, பயப்படும்படி அங்கே உண்மையில் நிலைமை இருக்கிறதா என்பதை மந்திரி தீர்மானிக்கலாம்" என்பது தீர்ப்பின் கருத்து. 1988 பிப்ரவரியில் அவர்களை விமானத்தில் ஏற்றி இலங்கைக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பிய இடத்தில் தாங்கள் பிடிக்கப்பட்டு அடிபட்டதாக அவர்களில் சிலர் பிற்பாடு சாட்சியம் கொடுத்தார்கள்.

கதை முடிந்தது என்றுதான் எவரும் நினைப்பார்கள். முடியவில்லை. நாட்டைவிட்டு அனுப்பப்பட்ட பிறகும் அப்பீல் செய்ய அந்நாட்டுச் சட்டத்தில் ஒரு வழி இருந்தது. அவர்களில் ஐவர் இலங்கையில் இருந்தபடியே வக்கீல்கள் மூலம் அப்பீல் நடத்தினார்கள். 1989 மார்ச்சில் அப்பீல் அதிகாரி, இவர்களுக்கு அபயம் கொடுத்திருக்க வேண்டும், திரும்ப அழைத்து வாருங்கள் என்று தீர்ப்புச் சொன்னார். அதே வருஷம் அவர்கள் பிரிட்டன் திரும்பினார்கள். ஆனால் 1991 அக்டோபரில் ஐரோப்பிய மனித உரிமைக் கோர்ட், பிரிட்டன் செய்தது மனித உரிமை மீறல் அல்ல என்று எட்டு பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் சொல்லிவிட்டது. ஒரே வழக்கு. ஒரு கோர்ட் ஆம் என்றது, ஒன்று இல்லை என்றது, ஒன்று மறுபடி ஆம் என்றது, ஒன்று மறுபடி இல்லை என்றது! நடுவில் மனம் உடைந்து அப்பீலைக் கைவிட்டிருந்தால், அந்த ஐவரும் திரும்பியிருக்க மாட்டார்கள்.

கெடு தவறினால் கதவு அடைபடும்

இங்கே பலரின் சொந்தக்காரர்கள் பிரான்ஸில் இருக்கிறார்கள். இலங்கைத் தமிழரும் அங்கே ஏராளம். ஆகவே கெடுவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிரான்ஸில் அகதிகள் இலாகா மறுத்தால், தேசிய அபய உரிமைக் கோர்ட்டுக்கு அப்பீல் செய்யப் பொதுவாக ஒரு மாதம்தான் அவகாசம். இலவச வக்கீல் வேண்டுமென்றால் 15 நாளுக்குள் கேட்டுவிட வேண்டும். அந்தக் கோர்ட் முழு விஷயத்தையும் மறுபடி விசாரிக்கும். அங்கும் தோற்றால், சட்டப் பிழை இருந்தால் மட்டும் அதற்கு மேலான கவுன்சிலுக்குப் போகலாம்.

பிரிட்டனில் உள்ளே இருப்பவருக்கு 14 நாள். கனடாவில், அங்கே பிறந்த முடிவை எதிர்த்து பெடரல் கோர்ட்டில் அனுமதி கேட்க 15 நாள். ஆஸ்திரேலியாவில் கோர்ட் மறுபரிசீலனைக்கு 35 நாள். சில இனங்களில் இதற்கும் குறைவாக இருக்கும். காகிதம் கைக்கு வந்த அன்றே வக்கீலைப் பார்க்க வேண்டும். கவரின் மேல் உள்ள தபால் முத்திரையையும் தூக்கி எறியக் கூடாது. தரகரிடம் பணத்தைக் கொடுத்து, "அவர் பார்த்துக்கொள்வார்" என்று உட்கார்ந்தவர்களின் கெடு ஓடிவிடும்.

நடு வானில் விழுந்த ஸ்டே

இனி, ஜனங்கள் என்ன செய்ய முடியும் என்பதற்கு ஒரு வரலாறு. ஆஸ்திரேலியாவில் பிலோயிலா என்ற சிற்றூர். இறைச்சித் தொழிற்சாலை உள்ள தொழிலாளர் ஊர். அங்கே ஒரு ஈழத் தமிழர் அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்து, மனைவியோடும் அங்கேயே பிறந்த இரண்டு பெண் குழந்தைகளோடும் வாழ்ந்தார். அபய மனு தள்ளுபடியானது. 2018 மார்ச்சில் விடியற்காலை அதிகாரிகள் வந்து குடும்பத்தையே தூக்கிக்கொண்டு போனார்கள். பெற்றோரின் வழக்கு படிப்படியாகத் தோற்றது. 2019 மே மாதம் உச்ச கோர்ட்டும் கைவிரித்தது.

2019 ஆகஸ்ட் 29 இரவு அவர்களை விமானத்தில் ஏற்றினார்கள். விமானம் பறந்துகொண்டிருக்கும்போதே வக்கீல்கள் நீதிபதியை டெலிபோனில் பிடித்தார்கள். சின்னக் குழந்தையின் சார்பில் வந்த மனு இன்னும் விசாரிக்கப்படவில்லை என்றார்கள். நீதிபதி ஸ்டே கொடுத்தார். விமானம் டார்வின் நகரில் இறங்கியது. பிறகு அவர்களைக் கிறிஸ்துமஸ் தீவில் கொண்டுபோய் அடைத்தார்கள். 2020 ஏப்ரலில் பெடரல் கோர்ட், அந்தக் குழந்தையின் விஷயத்தில் நியாயமான நடைமுறை பின்பற்றப்படவில்லை என்று தீர்ப்பளித்தது. 2021-இல் மேல் பெஞ்சும் அதை உறுதி செய்தது.

அந்தத் தீர்ப்பு அவர்களை வீட்டுக்கு அனுப்பிற்றா? இல்லை. விமானத்தை நிறுத்தியது, காலத்தைக் கொடுத்தது, அவ்வளவுதான். அந்தக் காலத்தைப் பயன்படுத்தியவர்கள் பிலோயிலா ஜனங்கள். தமிழ் ஒரு சொல் அறியாத வெள்ளைக்காரத் தொழிலாளிகளும், வீட்டுத் தாய்மார்களும் "எங்கள் ஊராரைத் திருப்பிக் கொடு" என்று வருஷக்கணக்கில் மனுப் போட்டார்கள், கூட்டம் போட்டார்கள், மந்திரிகளைத் துளைத்தார்கள். 2022 மே மாதம் சர்க்கார் மாறியது. ஜூனில் குடும்பம் ஊர் திரும்பியது. ஆகஸ்டில் நிரந்தரமாகத் தங்க அனுமதி கிடைத்தது. விவசாயத் தொழிலாளர்களே, குடிசையை இடிக்க வரும்போது ஸ்டே வாங்குகிறோமே, எதற்கு? ஸ்டே பட்டா ஆகாது. பட்டா வாங்குவதற்கான நாட்களை அது கொடுக்கிறது. இதுவும் அதேதான்.

நமக்கே வேலை இல்லையே!

ஒரு தோழர் மனதுக்குள் கேட்பது எனக்குத் தெரியும். "நமக்கே வேலை நாள் குறைவு. ஆலைகள் மூடிக் கிடக்கின்றன. காவிரித் தண்ணீர் வந்தால் நடவு, வராவிட்டால் பட்டினி. இதில் அகதி வேறு எதற்கு?"

நியாயமான கேள்வி. பதில் சொல்கிறேன். முகாமில் இருப்பவர் இன்றைக்கும் பெயிண்ட் அடிக்கிறார், கல் சுமக்கிறார், கட்டட வேலை பார்க்கிறார். அவர் இருக்கிறார். அவருக்கு உரிமை உண்டா இல்லையா என்பதுதான் கேள்வி. உரிமை இல்லாதவரைக் கண்டிராக்டர் 'உன்னைப் பிடித்துக் கொடுத்துவிடுவேன்' என்று மிரட்டிப் பாதிக் கூலிக்கு வேலை வாங்க முடியும். அந்தப் பாதிக் கூலி நாளைக்கு நம் கூலியாக மாறும். உரிமை உள்ளவர் சங்கத்தில் சேருவார், நம்மோடு நின்று முழுக் கூலி கேட்பார். நம் கூலியைக் குறைப்பது அகதி அல்ல. அவருடைய கையில் காகிதம் இல்லாமையைக் காசாக்குகிற முதலாளி.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். 2025 ஜனவரியில் காரைக்காலிலிருந்து போன மீனவர்கள் மீது இலங்கைக் கடற்படை சுட்டது. ஆட்கள் காயப்பட்டார்கள், 13 பேர் பிடிபட்டார்கள். அந்த நாட்டுக் கோர்ட்டில் நம் மீனவர் அந்நியர்தான். அவருக்கு வக்கீல் வேண்டும், முறையான விசாரணை வேண்டும், மனிதனாக நடத்த வேண்டும் என்று நாம் இங்கே கோஷம் போடுகிறோம். போடத்தான் வேண்டும். அக்கரையில் நம் ஆளுக்குக் கேட்கும் நியாயத்தை இக்கரையில் அவர்கள் ஆளுக்கு மறுப்பது எந்த ஊர் நியாயம்?

நாம் செய்ய வேண்டியது

முதலாவது, காகிதம் சேர்த்தல். முகாமில் பிறந்தவர்களின் பிறப்புச் சான்று, ஆஸ்பத்திரிச் சீட்டு, முகாம் பதிவு அட்டை, பள்ளிச் சான்று, 1964 ஒப்பந்தப்படி அந்தக் காலத்தில் இந்திய சர்க்கார் கொடுத்த பாஸ்போர்ட், தாத்தா பாட்டியின் தோட்டத்துப் பழைய சீட்டுகள். எதுவும் குப்பை அல்ல. 1987 ஜூலைக்கு முன்பு இங்கே பிறந்தவர் யாராவது இன்னும் அகதி என்ற பெயரோடு இருந்தால், அவரை முதலில் வக்கீலிடம் அழைத்துப் போங்கள்.

இரண்டாவது, எதையும் வாய் வார்த்தையாகக் கேட்காமல் எழுத்து மூலம் கேட்பது. மனு கொடுத்தால் ரசீது வாங்க வேண்டும். மறுத்தால் காரணத்தோடு எழுத்தில் கேட்க வேண்டும். எழுத்தில் இல்லாத மறுப்பை எதிர்த்து வழக்கு நடத்துவது கடினம்.

மூன்றாவது, வக்கீல் செலவு. 1987-ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர், காவலில் இருப்போர், குறைந்த வருமானமுள்ளோர் ஆகியோர் இலவச வக்கீல் கேட்கலாம். கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழுவின் அலுவலகம் இருக்கும். வெட்கப்படாமல் படியேறிக் கேளுங்கள். இது பிச்சை அல்ல, சட்டம் தந்த உரிமை.

நான்காவது, சாட்சி. "இவர் இத்தனை வருஷமாக எங்களோடு வேலை செய்கிறார், இவர் நல்லவர், இவர் பிள்ளை எங்கள் பிள்ளையோடு படிக்கிறது" என்று பக்கத்தில் வாழ்பவர் தருகிற பிரமாணப் பத்திரம் வழக்கில் வெறும் காகிதம் அல்ல. புதுச்சேரியில் அன்று ஐந்து கனவான்களின் கையெழுத்து கேட்டார்கள். நம்மிடம் கனவான்கள் இல்லை. ஐந்நூறு தொழிலாளிகளின் கையெழுத்து இருக்கிறது.

ஐந்தாவது, அரசியல் கோரிக்கை. ஒவ்வொருவராக ரிட் போட்டு எத்தனை தலைமுறை காலம் தள்ளுவது? இந்தியாவில் அகதிகளுக்கென்று ஒரு சட்டம் வேண்டும். மதம் பார்க்காத, நாடு பார்க்காத சட்டம். விசாரணையும், காரணத்தோடு கூடிய முடிவும், அப்பீலும் உள்ள சட்டம். முகாமில் பிறந்து வளர்ந்த தலைமுறைக்குப் பிரஜாவுரிமை வேண்டும். 2021-இல் தமிழ்நாடு சர்க்கார் அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது; நல்லதுதான். பெயர் மாறியது போதாது. அங்கே வாழ்பவரின் அந்தஸ்து மாற வேண்டும். அது டில்லியின் கையில் இருக்கிறது.

தோழர்களே! தீர்ப்பு எழுதும் பேனா நம் கையில் இல்லை. ஆனால் கெடு தவறாமல் மனுவைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கால்கள் நம்மிடம் உண்டு. சாட்சி சொல்லும் வாய் உண்டு. வாசலில் கூடி நிற்கும் பலம் உண்டு. மறுப்புக் காகிதத்தோடு ஒருவர் நம் சங்கத்து வாசலுக்கு வந்தால், "நீ எந்த ஊர்?" என்ற கேள்வியைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கேட்க வேண்டியது: "காகிதம் என்றைக்கு வந்தது? கெடு என்றைக்கு முடிகிறது?"

உழைக்கும் மக்களின் ஒற்றுமை ஓங்குக!